சமையல் புகைக்கு விலக்கு உண்டு

சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் காற்று கெடப்போகிறது என்றால் முதல் நாளே கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடும். ‘ஸ்பேர் தி ஏர்’ எச்சரிக்கை என்று பெயர். நாளை விறகு எரிக்கக் கூடாது, கணப்பு அடுப்பு கூடாது, தோட்டத்தில் தீமூட்டிச் சுற்றி உட்காரக் கூடாது. மீறி அகப்பட்டால் முதல் தடவை 100 டாலர் கட்டலாம், அல்லது விறகுப் புகையின் கேடுகளைப் பற்றி ஒரு பாடம் படிக்கலாம். இரண்டாம் தடவை 500 டாலர். அப்போது பாடம் கிடையாது. படித்தும் திருந்தாதவனுக்கு என்ன பாடம் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு இந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு நாலைந்து குடும்பங்களை அழைத்துவிட்டு, “வீட்டிலேயே புகைபோட்ட ஆட்டுக்கறி” என்று வாயைக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை எப்படிச் செய்வது என்று முழித்துக்கொண்டிருக்கிற குடும்பஸ்தனிடம் அரசாங்கமே வந்து “வேண்டாம்ப்பா” என்று சொல்வது எவ்வளவு பெரிய உபகாரம்! முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கைப்பேசியை மனைவியிடம் காட்டினேன்.

“என்ன பண்றது, சட்டம்.”

“சமைக்கறதுக்குமா?” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படித்தான். நான் வீடு கட்டி முடித்தபிறகு வந்து அஸ்திவாரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். வளைகுடாப் பகுதிக் காற்றுத்தர மாவட்டம் 1955-ல் ஏற்பட்டது. அமெரிக்காவில் பல மாவட்டங்களுக்குச் சேர்த்து அமைந்த முதல் காற்று நிர்வாகம் அதுதான். விறகு எரிப்பதைக் கட்டுப்படுத்தும் விதி, ஒழுங்குமுறை 6, விதி 3, 2008-ல் வந்தது. முதலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும்தான். காட்டுத்தீ வருஷா வருஷம் வந்து உட்கார ஆரம்பித்ததும், 2019-ல் வருஷம் முழுவதுக்குமாக நீட்டினார்கள். இதுவரை எல்லாம் எனக்குச் சாதகம். பிறகு வந்தது வரையறை. அழகுக்காகவோ குளிர் காயவோ எரிக்கிற அடுப்புகளுக்குத்தான் தடையாம். சமையலுக்கு இல்லையாம்.

குளிர் காய்ந்தால் குற்றம், கறி காய்ந்தால் குற்றமில்லை.

காலையில் காப்பி கொடுக்கும்போதே, “சட்டம் என்ன சொல்லுது?” என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப கணப்பு அடுப்புல அப்பளம் சுட்டா அது சமையல்தானே?” என்றாள். இந்தக் கேள்வியைக் காற்றுத்தர மாவட்டத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சபலம் உண்டு. அப்பளம் என்றால் என்ன என்று விளக்குவதிலேயே குளிர்காலம் முடிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

விலக்கோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. சமையலுக்குத் தடை இல்லை, ஆனாலும் இந்த நாட்களில் கரியும் விறகும் தவிர்த்து கேஸ் அல்லது மின்சார அடுப்பில் சமைத்தால் நல்லது என்று ஒரு வேண்டுகோளும் உண்டு. தடை என்றால் மீறலாம், அபராதம் கட்டலாம், பேரம்கூடப் பேசிப் பார்க்கலாம். “தயவுசெய்து” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிற அரசாங்கத்தை என்ன செய்வது? சட்டம் விட்டுவிட்ட இடத்தில் மனைவி, மாமியார், மகன், மூன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு முழு நீதிமன்றம் வந்து உட்கார்ந்துவிட்டது.

விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். ஞாயிற்றுக்கிழமை காற்று சரியாகிவிடும் என்று முன்கணிப்பு. எனக்கும் ஒரு நாள் கூடக் கிடைத்தது.

இந்த வம்பில் நான் ஏன் விழுந்தேன் என்று சொல்லவேண்டும். ஃப்ரீமான்ட்டில் அபார்ட்மென்ட்டில் இருந்த காலத்தில் பால்கனியில் கரி அடுப்பு வைக்கக் கூடாது. எரியக்கூடிய பால்கனியிலும், எரியக்கூடிய கட்டுமானத்துக்குப் பத்தடிக்குள்ளும் கரி அடுப்பு கூடாது என்பது கலிஃபோர்னியாத் தீயணைப்பு விதி. தனி வீட்டுக்கு அதில் விலக்கு உண்டு. எனவே வீடு வாங்குவது என்று பேச்சு வந்தபோது மற்றவர்கள் பள்ளிக்கூடத்தையும் ரயில் நிலையத்தையும் பார்த்தார்கள். நான் கொல்லைப்புறத்தைப் பார்த்தேன். வாங்கினோம். முப்பது வருஷக் கடனில் எனக்கென்று கிடைத்தது அந்தப் பத்தடிதான். அதில் தள்ளுபடியில் கிடைத்த ஒரு கறுப்பு இரும்புப் பீப்பாயைக் கொண்டுவந்து இறக்கினேன். பக்கவாட்டில் ஒரு சின்ன நெருப்புப் பெட்டி. அங்கே விறகு எரியும். புகையும் சூடும் பெரிய பீப்பாய்க்குள் போய், மறுமுனைக் குழாய் வழியே வெளியேறும். நடுவில் கறி இருக்கும். தத்துவம் அவ்வளவுதான். மூடியில் ஒரு வெப்பமானி. அது காட்டுகிற எண்ணுக்கும் உள்ளே இருக்கிற சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இடப்பக்கத்து வீட்டு டெக்சாஸ்காரர் முதல் நாளே வேலிக்கு மேலிருந்து சொல்லிவிட்டார்.

மாமியார் அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். சிவகங்கைப் பக்கம். பீப்பாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது எதுக்கு மாப்பிள்ளை?”

“கறிக்குப் புகை போடறதுக்கு, அத்தை.”

“கெட்டுப்போயிருமேன்னா?”

“இல்ல. ருசிக்கு.”

அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய அம்மா உப்புக்கண்டத்தை மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவி வெயிலில் காயவைத்து, அடுப்புக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாராம். “புகை அது பாட்டுக்கு ஏறும். அதுக்குன்னு எவளும் உக்காந்து பாத்ததில்ல. சோறு ஆக்குற புகைதானே.” பிறகு, யாருக்கோ சொல்வதாக, “கேஸ் அடுப்பு வந்த அன்னிக்கு நான் விறகுக்கட்டையைத் தெருவில வீசினேன்” என்றார். நான் ஆப்பிள் மரக் கட்டைக்குக் கொடுத்த விலையை அவரிடம் சொல்லவில்லை.

காற்றைப் பற்றிக் கவலைப்படுவது இந்த மாநிலத்தில் பழைய வழக்கம். இதில் எனக்குப் பிடித்தமான ஆள் ஆரி ஹாகன்-ஸ்மித். டச்சுக்காரர், கால்டெக்கில் வேதியியல் பேராசிரியர். அன்னாசிப் பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவரிடம் லாஸ் ஏஞ்சலீஸ் புகைமூட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கார்ப் புகையும் எண்ணெய் ஆலை ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோன் ஆகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் கண்டுசொன்னார். 1957 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸில் வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கிற அடுப்புகளைத் தடைசெய்தார்கள். 1990-ல் கரி பற்றவைக்க ஊற்றுகிற திரவத்துக்கே அங்கே விதி வந்துவிட்டது. நம்மூரிலும் போகிக்கு டயர் எரிக்காதே என்று வருஷா வருஷம் சொல்கிறார்கள். 2018 போகிப் புகையில் சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போன கதையும் உண்டு. அன்னாசியிலேயே அவரை விட்டிருக்கலாம் என்று நெருப்புப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருக்கும்போது சில சமயம் தோன்றும்.

ஞாயிறு விடியற்காலை. ஆட்டின் முன்னங்கால் சப்பை, எலும்போடு, ராத்திரியே உப்பும் மிளகும் தடவி வைத்தது. சூடு 107 டிகிரியில் நிற்கவேண்டும். கறியின் உள்ளே 95-ஐத் தொட்டால், தசையைப் பிணைத்திருக்கிற கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகி, எலும்பு கையோடு வந்துவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். விறகு பற்றவைப்பதுதான் மனப்பாடத்தில் இல்லை.

தடிமனான வெள்ளைப் புகை வந்தது. குளிர்காலக் காலையில் இங்கே தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கிடக்கும், அதன்மேல் சூடான காற்று மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். புகைக்கு மேலே போக வழி கிடையாது. குளிர்காலத்தில் விறகுக்குத் தடை வருவதே முக்கியமாக இதனால்தான். என் புகை குழாயை விட்டு வெளியே வந்து, சற்று யோசித்து, வேலி உயரத்துக்கு இறங்கி, வலப்பக்கம் திரும்பியது.

வலப்பக்கம் குஜராத்திக் குடும்பம். வெங்காயம்கூடத் தொடாதவர்கள். அந்த வீட்டுக்காரர் கையில் தேநீரோடு வெளியே வந்து மூக்கை உயர்த்தினார்.

“நல்ல வாசனையா இருக்கே, என்னது?”

“ஆப்பிள்” என்றேன்.

சத்தியம்தானே. கட்டை ஆப்பிள் மரத்துக் கட்டை. அவர் கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்து, “பிரமாதம்” என்றார். இன்னொரு தரமும் இழுத்தார். எனக்கு நிற்க முடியவில்லை. விறகு பார்க்கவேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே மகன் கைப்பேசியில் வரைபடத்தை விரித்துவைத்திருந்தான். காட்டுத்தீக் காலத்திலிருந்து இந்த ஊரில் வீட்டுக்கு வீடு காற்றை அளக்கிற சின்னப் பெட்டிகளைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கும், குறுக்கே லேசர் பாயும், துகள் பட்டு ஒளி சிதறுவதைப் பெட்டி எண்ணும். எண்ணியதை உலகம் பூராவும் பார்க்கும்படி வரைபடத்தில் வட்டமாகப் போட்டுவிடும். பி.எம். 2.5 என்கிற துகள்கள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத சமாசாரம். அதனால் நானும் தெரியாது என்று இருந்தேன்.

“அப்பா, ஃப்ரீமான்ட் ஃபுல்லா பச்சை. நம்ம தெரு மட்டும் ஊதா.”

பார்த்தேன். பச்சைப் பச்சையாக வட்டங்கள், 30, 34, 28 என்று. நடுவில் எங்கள் பின்வீட்டின் மேலே ஒரே ஒரு ஊதா வட்டம், 243. ஊதா என்றால் ‘மிகவும் ஆரோக்கியக்கேடு’. அதற்கு மேலே ஒரே ஒரு நிறம்தான் பாக்கி.

“அந்தப் பெட்டிகள் விறகுப் புகையைக் கூட்டித்தான் காட்டும்” என்றேன். இது நிஜம். அதற்காகவே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறது. மகன் திரையில் ஏதோ தட்டினான். வட்டம் சிவப்பானது. 178.

“பாத்தியா?” என்றேன்.

“சிவப்புன்னா ‘ஆரோக்கியக்கேடு’ப்பா.”

“‘மிகவும்’ போயிடுச்சு இல்ல?”

பின்வீட்டு அம்மாள் வேலியோரம் வந்தார். 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து, இத்தனை தூரம் தள்ளி இங்கே ஏறக்குறைய இரண்டு வாரம் முகமூடியோடு திரிந்தோமே, அப்போது பெட்டியை மாட்டியவர். 2020 செப்டம்பர் 9-ஆம் தேதி வானம் பகலெல்லாம் ஆரஞ்சாக இருந்து, தெருவிளக்கு அணையாமல் எரிந்ததையும் அந்தப் பெட்டியோடு பார்த்தவர். அந்த வருஷம் தொடர்ந்து 30 நாள் எச்சரிக்கை. நாங்களெல்லாரும் மெதுவாகப் புகைபோடப்பட்ட மாதம் அது. அவர் சண்டைக்கு வந்திருந்தால் நான் சட்டப்பிரிவைச் சொல்லியிருப்பேன். வாயில் தயாராக வைத்திருந்தேன். அவரோ, “உங்க வீட்டில எல்லாரும் சௌக்கியமா?” என்று மட்டும் கேட்டார். சௌக்கியம் என்றேன். “ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். ஒவ்வொரு ஜன்னலும் சாத்துகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் இடப்பக்க வேலிக்கு மேலே டெக்சாஸ்காரரின் தொப்பி தெரிந்தது. வெள்ளைப் புகை உதவாது, கறி கசக்கும், மெல்லிய நீலப் புகை வரவேண்டும் என்றார். விறகைத் தண்ணீரில் ஊறவைத்தாயா என்று கேட்டார். வைத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். துக்க வீட்டில் கழற்றுவார்களே, அந்த வேகத்தில்.

ஊறிய விறகு முதலில் ஆவியைத்தான் விடும். எரியாமல் புழுங்கும். புழுங்குகிற விறகின் புகையில் கசப்புத் தாரும் கரியும் அதிகம். நன்றாகக் காற்றோட்டத்தோடு எரிகிற காய்ந்த கட்டையின் புகையில் துகள்கள் குறைவு, இருப்பவையும் மிகச் சிறியவை. வெளிச்சத்தின் நீலப் பங்கை அதிகம் சிதறடிப்பதால் அது நீலமாகத் தெரிகிறது. ஆக ருசிக்கு நல்ல புகைதான் காற்றுக்கும் கெடுதல் குறைந்த புகை. சமையல்காரருக்கும் காற்றுத்தர மாவட்டத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் தகராறே இல்லை. தகராறு என்னோடு மட்டும்தான்.

டெக்சாஸ்காரர் ஆங்கிலத்தில் இதை விளக்கி முடிப்பதற்குள், மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். “தள்ளுங்க மாப்பிள்ளை. புகையுது, எரியல.” உள்ளே திணித்திருந்த கட்டைகளில் பாதியை இடுக்கியால் வெளியே இழுத்துப் போட்டார். மிச்சத்தை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே, அடியில் விரலளவு சந்து விட்டு அடுக்கினார். காற்று வாயைத் திறந்தார். ஊதுகுழல் கேட்டார். அமெரிக்காவில் ஊதுகுழலுக்கு எங்கே போவது? சமையலறைக் காகிதச் சுருள் தீர்ந்த அட்டைக் குழாயை மகன் எடுத்துவந்தான். குழாயைச் சாய்த்து, தணலின் வேரைப் பார்த்து, கன்னம் உப்ப ஒரு ஊது. அவ்வளவுதான். படக்கென்று சுடர் எழுந்தது. குழாய் வாயில் வெள்ளை கரைந்து, நீலமா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு நூல் மட்டும் ஆடியது.

வேலிக்கு அப்பாலிருந்து “ஓ!” என்று ஒரு சத்தம். டெக்சாஸ்காரர் தொப்பியை மறுபடியும் கழற்றினார். இந்தத் தடவை மரியாதைக்கு.

அதற்குப் பிறகு அவரும் மாமியாரும் பேசிக்கொண்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஆங்கிலம் தெரியாது. “ஓக்” என்பார் அவர். “கருவேலம்” என்பார் இவர். இருவரும் தலையாட்டுவார்கள். மொழிபெயர்க்க நான் போனால் இருவருமே கொஞ்சம் நகரச் சொன்னார்கள், காற்றை மறைக்கிறேனாம். வரைபடத்தில் எங்கள் வட்டம் மஞ்சளானது என்று மகன் உள்ளேயிருந்து கத்தினான்.

எல்லாம் சரியாகப் போகிறது என்கிற நேரத்தில் கறி 68 டிகிரியில் நின்றுவிட்டது. நகரவே இல்லை. இதற்கும் விஞ்ஞானம் உண்டு. கறிக்கு வியர்க்கிறது. மேலே ஊறிவருகிற ஈரம் ஆவியாகிப்போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம்மூர் மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் சோதனை செய்து நிரூபித்திருக்கிறார். வியர்வை அடங்குகிற வரைக்கும் மணிக்கணக்கில் சூடு ஏறாது. இதை நான் விருந்தாளிகளுக்கு விளக்கினேன். அவர்கள் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். குளிர்பெட்டியில் மிச்சக் கறி இருந்தது. குக்கரை ஏற்றினாள். குக்கருக்குள் சூடு 120 டிகிரிவரை போகும். என் பீப்பாய் பகல் முழுக்கக் கெஞ்சிக் கரைக்கிற அதே கொலாஜனை அது அரை மணியில் அதட்டிக் கரைத்துவிடும். பிறகு தாளித்தாள். கடுகு, சோம்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. கூடத்தில் மூலையில் நின்ற காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் திடுக்கிட்டு விழித்து, நீல விளக்கிலிருந்து நேராகச் சிவப்புக்குத் தாவி, முழு வேகத்தில் இரைந்தது.

எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். “பாத்தியா, உன் தாளிப்பு என் புகையைவிட மோசம். எண் என்னன்னு பாரு!”

“பாத்தேன்” என்றாள். “ஒன்றரை நிமிஷம். அதுக்கப்புறம் சாப்பாடு வரும்.”

விருந்தாளிகள் குழம்பும் சோறும் சாப்பிட்டு, ரசம் குடித்து, மோர் குடித்து, கிளம்பினார்கள். புகைக்கறி தயாரானபோது வெளியே இருட்டிவிட்டது. எலும்பு நிஜமாகவே கையோடு வந்தது. உள்ளே தோலோரம் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. விறகு எரியும்போது வருகிற நைட்ரிக் ஆக்சைடு கறியின் மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறம் வரும். பார்க்க ஆளில்லாததால் நானே இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். மாமியார் ஒரு துண்டு வாயில் போட்டு நிதானமாக மென்றார். “எங்க அம்மா வீட்டு வாசனை” என்றார். பிறகு, “இதுக்கு ஒரு நாளா?” என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் தனி எச்சரிக்கை முறை ஒன்று அமலில் இருக்கிறது. மனைவி ஏற்படுத்தியது. காற்றின் எண் 50-க்குள் இருக்கவேண்டும். மேல்காற்று அடிக்கக் கூடாது, அடித்தால் வலப்பக்க வீடு காலியாக இருக்கவேண்டும். பின்வீட்டு அம்மாளிடம் முதல் நாளே சொல்லியாகவேண்டும். கொல்லையில் துணியோ வடகமோ காயக் கூடாது. விருந்தாளி கூடவே கூடாது. இந்த விதியில் சமையலுக்கு விலக்கு கிடையாது, அபராதத்துக்குப் பதில் பாடம் படிக்கிற வசதியும் கிடையாது. இத்தனையும் ஒன்றுசேர்கிற நாள் நான் பார்த்தவரையில் பஞ்சாங்கத்தில் இல்லை.

மாமியார் ஊருக்குப் போய்விட்டார். ஆறு மாசம்தான் கொடுத்திருந்தார்கள். போன வாரம் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனபோது டெக்சாஸ்காரர் நிறுத்தினார். புகை போடும் உத்தேசம் உண்டா என்றார். காற்றைப் பொறுத்து, என்றேன். “உன்னைக் கேக்கலை. உங்க மாமியார் மறுபடி எப்ப வர்றாங்க?” என்றார். விசா எடுக்கவேண்டும், அழைப்புக் கடிதம் போடவேண்டும், நேரமாகும் என்றேன்.

“கடிதத்தில எங்க கையெழுத்து போடணும், காட்டு” என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.